மகள் பேரில் ஒரு வீடு

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். வீட்டை விற்கப்போவதாக நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் சைகோனில் யாரும் சொல்லிவிட்டு விற்பதில்லை. எங்கள் சந்திலேயே நான்கைந்து வீடுகள் கைமாறிவிட்டன. ஒரு வீட்டில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்கூட அப்படியே இருக்கின்றன என்கிறார்கள். வந்தவர் வாசலில் நின்றபடியே உத்தரத்தையும் மாடிப்படியையும் கண்ணால் அளந்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். நாங்கள் வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. அடுத்த வாரம் இதுவும் கிடைக்காது என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

வீடு என்னுடையது இல்லை, சொந்தக்காரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. வீட்டின் சொந்தக்காரி என் மகள் தெரேஸ். மருந்துப் படிப்பு படிக்கிறாள். மத்திய மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போக, அங்கிருந்து காயம்பட்டவர்கள் லாரி லாரியாக வந்து இறங்குகிறார்கள். மாணவர்களையும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காலையில் சைக்கிளில் போகிறாள். திரும்பி வரும்வரை நான் எந்த வேலையையும் முழுதாகச் செய்வதில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்துவிடுகிறேன்.

இன்னும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காரைக்காலில் இருந்து கேட்காதவர்கள் இல்லை. எங்களிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் ஆயிற்றே, கிளம்பிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வீட்டை வாங்கியதிலிருந்து சொல்ல வேண்டும்.

2

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சவரிநாதன் அவர்களுடைய ராணுவப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தார். பட்டாளம் கப்பலேறியதும் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தார். செட்டியார்கள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். தெரேசும் அவளுக்கு ஒன்பது வருஷம் பின்னால் பிறந்த ஜோசேப்பும் அங்கேதான் பிறந்தார்கள். கீழே கடைக்காரர்கள் பேசும் தமிழ் மாடிக்குக் கேட்கும். வெளியூரில் இருப்பதாகவே தோன்றாது.

எனக்கு மட்டும் வாடகை வீடு ஆகவில்லை. நான் பிறந்த வீட்டைத் தெரிந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். சித்தப்பா பங்கு, பெரியப்பா பங்கு என்று கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழுப்பி, ஒரே ஜன்னலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்ட வீடு அது. எங்கள் பக்கம் வெளிச்சம் வரவேண்டுமானால் அவர்கள் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும். சுற்றி நாலு சுவரும் நம்முடையதாக ஒரு வீடு என்பது அப்போதிருந்தே என் மனதில் இருந்தது.

மூன்றாவது வட்டாரத்தில் பான் கெ என்று ஒரு பேட்டை. சதுரங்கப் பலகை என்று அர்த்தம். பெயருக்கேற்றபடி சந்துகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இரண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அவ்வளவு நெருக்கத்துக்குள் லிசே என்ற பிரெஞ்சு உயர்பள்ளி வாத்தியார்கள், டாக்டர்கள், கோர்ட்டு எழுத்தர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று படித்தவர்களாகவே அடைந்திருந்தார்கள். சாயங்காலம் சந்தில் நடந்தால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது கேட்கும். தெரேசின் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போன அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சந்து முனையில் நின்றேன். நம் பிள்ளைகளும் இப்படி ஓர் இடத்தில் வளர வேண்டும் என்று தோன்றியது. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தச் சந்திலேயே ஒரு மாடி வீடு விலைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் சேர்த்த பணம், என் தாலிக்கொடி தவிர்த்த நகை, எல்லாம் போட்டால் எட்டியது. ஆனால் வெளிநாட்டுக்காரர் மனை வாங்க வேண்டுமென்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும், அது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது என்று நொத்தேர் சொல்லிவிட்டார். சொத்துப் பத்திரம் எழுதும் வக்கீலை இங்கே எங்களவர்கள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். அவரே குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையான வியட்நாமியர் யாராவது இருந்தால் அவர் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

3

அந்த நம்பிக்கையானவர் கோ ஹான். ஹான் என்பது பெயர். கோ என்பது டீச்சரம்மாவை அழைக்கும் மரியாதைச் சொல். நாங்கள் வாங்கவிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. தெரேசுக்கு இலக்கியப் பாடம் எடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல், டாக்டருக்குப் படிக்கும் தம்பியோடு இருந்தார். நாங்கள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரு கேள்விதான் கேட்டார். பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை சத்தமாகப் பாடம் படிக்கப் போகிறதா என்றார். தெரேசைக் கைகாட்டினேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அன்றே பயம் பிடித்தது. வீட்டுக்குள் கால் வைத்த முதல் நாளே எங்களை உட்காரவைத்து, யார் கேட்டாலும் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சொந்த வீட்டில் ஆணி அடிக்கும்போதுகூட எனக்கு யாரோ பார்ப்பது போல இருக்கும்.

வியட்நாம் பாஷை எனக்குக் கடைசிவரை படியவில்லை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் குரலை ஏற்றினால் ஓர் அர்த்தம், இறக்கினால் ஓர் அர்த்தம், நடுவில் உடைத்தால் வேறோர் அர்த்தம். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சந்து முனைக் கடையில் ஒரு கிலோ உப்பு கேட்பதாக நினைத்து ஒரு கிலோ கொசு கேட்டேன். கடைக்காரி தன் கையைத் தட்டிக் காட்டி, இங்கே இலவசமாகவே கிடைக்கிறது எடுத்துக்கொள் என்றாள். கூட இருந்த தெரேஸ் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, இனி கடைக்கு நானே போகிறேன் என்றாள்.

அவளுக்கு அந்தப் பாஷை மூச்சு விடுவது போல வந்தது. சந்தில் அவளைத் தாவோ என்று கூப்பிட்டார்கள். தம்பியைத் திட்டினால் பிரெஞ்சு, காசு எண்ணினால் வியட்நாம், ஜெபம் சொன்னால் மட்டும் தமிழ். அந்த ஜெபமும் போகப்போக வார்த்தை தேய்ந்து ராகம் மட்டும் மிஞ்சியது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்து, அது இருக்கா, அந்தப் புளிப்பா இருக்குமே, என்று ரசத்துக்குப் பெயர் தெரியாமல் கேட்பதை நான் பார்த்தேன். அப்போது அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

4

அறுபத்தெட்டாம் வருஷத்து டெட் புத்தாண்டில் சண்டை நகரத்துக்குள் வந்தது. முதலில் பட்டாசு என்று நினைத்தோம். பிறகு சந்தின் மறுமுனையில் புகை எழுந்தது. தகரக் கூரைகள் வெடித்து விழும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாதா கோயிலுக்கு ஓடினோம். பாதிரியார் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி எங்களையெல்லாம் தரையில் படுக்க வைத்தார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மறுமுனை வீடுகள் கரியாகக் கிடந்தன. எங்கள் வீட்டில் மாடி ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட இல்லை. மற்றபடி வீடு நின்றது. நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து அழுதேன்.

கோ ஹானின் தம்பி புத்தாண்டுக்கு முதல் நாள் வெளியே போனவர் திரும்பவில்லை. செத்துப்போனாரா, அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாரா, யாருக்கும் தெரியாது. சந்தில் யாரும் கேட்கவும் இல்லை. வேனில் முடிவதற்குள் கோ ஹானை வந்து அழைத்துப்போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வெள்ளை ஆடையில், கைப்பையோடு, இரண்டு பேருக்கு நடுவே நடந்துபோனார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எங்களுடையதும்தான்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். என் வீட்டுக்காரர் ஆபீசில் இருந்தார். ஜோசேப் தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தை மூடியிருந்ததால் தெரேஸ் மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் வெள்ளைச் சட்டை போலீஸ்காரர் ஒருவரும் சாதாரண உடையில் இருவரும் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். நான் மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வழிவிட்டேன்.

குடும்ப அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். எங்கள் நான்கு பேருடைய படத்தையும் நேரம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு சாதாரண உடைக்காரரில் மூத்தவர், இந்த வீடு ஆசிரியை ஹான் பேரில் இருக்கிறது, பக்கத்து வீடும் அவர் பேரில் இருக்கிறது, உனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கான பதிலை இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாங்கள் கோ ஹானுக்கு வாடகை கொடுக்கிறோம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாடகைக்குத் துவே என்று ஒரு சொல். குரலை ஒரே மட்டமாக வைத்துச் சொன்னால் வாடகை. குரலைத் தூக்கிவிட்டால் வரி. எனக்குப் பயத்தில் குரல் மேலே ஏறிவிட்டது. நாங்கள் கோ ஹானுக்கு வரி கொடுக்கிறோம் என்று சொன்னேன்.

காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் ஊருக்குள் ஆள் வைத்து ரகசியமாக வரி வசூலித்த காலம் அது. அப்படி வசூலித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவர்கள் கதியும் தெரியும்.

மூத்தவர் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. நான் அழுத்தம் திருத்தமாக, இன்னும் உயர்ந்த குரலில், அதையே சொன்னேன். இளையவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தெரேஸ் படியிறங்கி வந்தாள். என்னைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு எனக்கு முன்னால் நின்றாள். கை கட்டி, வாத்தியாரிடம் பேசுவது போலக் குனிந்து வணங்கி, ஒரே சீரான குரலில் பேசினாள். அம்மாவுக்கு உச்சரிப்பு வராது, வாடகை என்றுதான் சொல்ல வந்தார் என்றாள். அது எனக்குப் புரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவள் மேலே பேசினாள். வாங்கினோம், அப்பா, சட்டம், பெயர் என்று ஒவ்வொரு சொல்லாக என் காதில் விழுந்தது. வீடு எங்களுடையது, அப்பாவின் பணத்தில் வாங்கியது, வெளிநாட்டுக்காரர் வாங்க முடியாது என்பதால் டீச்சர் பெயரைக் கொடுத்து உதவினார், வாடகை என்பதும் பொய் என்று முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள்.

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்பாவை மறுநாள் காலை பேட்டை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். போகும்போது மூத்தவர் தெரேசைப் பார்த்து, நீ எந்த ஊர்ப் பெண் என்று கேட்டார். இந்தச் சந்து என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏன்டி சொன்ன? வாடகைன்னு திருத்திட்டு நிறுத்த வேண்டியதுதானே. அப்பா எத்தன தடவ சொல்லியிருக்காரு?"

அவள் உதடு வெளுத்திருந்தது. தமிழில் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நீ கவனிக்கல. அவங்களுக்கு நம்ம வேணாம். ஒரு டீச்சருக்கு ரெண்டு வீடு எப்படி, காசு யார் கொடுத்தா, அதுதான் அவங்களுக்கு வேணும். நாம வாடகைன்னு சொன்னா, ரெண்டு வீடும் கோ ஹானோடதுன்னு ஆயிடும்."

பிறகு தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அலசிய மீனை அன்று யாரும் சமைக்கவில்லை.

5

என் வீட்டுக்காரர் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளே பின்னால் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இனிமே நம்மள நாடு கடத்திருவாங்க, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதிலிருந்து மழைக்காலம் முழுவதும் அலுவலகங்கள்தான். ஒரு ஜன்னலில் காத்திருந்தால் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் சாப்பாட்டு நேரம் என்று மூடியிருக்கும். காரைக்காலில் கொடுத்த பிறப்புச் சான்றில் அவர் பெயர் ஒரு மாதிரி, பட்டாளத்துப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி, இங்கே குடியிருப்பு அட்டையில் மூன்றாவது மாதிரி. சவரிநாதன் என்ற ஒரு மனிதரை மூன்று மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டார் ஓர் அதிகாரி. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்றும் நானே என்று இவர் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து எந்தப் பெயரில் என்று மறுபடி கேட்டார்கள்.

ஒவ்வொரு காலையும் அவர் கிளம்பும்போது திரும்பி வரமாட்டார் என்றே நினைப்பேன். மாற்று வேட்டியும் இருமல் மருந்தும் ஒரு பையில் போட்டுக் கொடுப்பேன். ஆபீசுக்குப் போகிறவரைப் போல அவரும் அதை வாங்கிக்கொண்டு போவார்.

முடிவில் தண்டம் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். வீட்டைப் பறிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. எத்தனையோ பெரிய காரியங்களுக்கு நடுவில் எங்களை மறந்துபோனார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மழை விடும் சமயத்தில் கோ ஹான் திரும்பி வந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. நான் கஞ்சி வைத்து எடுத்துப்போனேன். தெரேஸ் ஊட்டிவிட்டாள். மூன்றாம் நாள்தான் அவர் பேசினார். அவர் பேசியதைத் தெரேஸ் எனக்குச் சொன்னாள்.

அங்கே அவரிடம் கேட்டதெல்லாம் இரண்டாவது வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதானாம். தம்பியைப் பற்றிக்கூட அவ்வளவு கேட்கவில்லையாம். எங்கள் பெயரைச் சொன்னால் எங்களை நாட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்து அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் கேள்வி திடீரென்று நின்றுபோனதாம். ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

தெரேஸ் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். கோ ஹானிடம் நீ சொன்னாயா, போலீசிடம் உண்மையைச் சொன்னது நீதான் என்று, என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். பிறகு நானே என் கொச்சைப் பாஷையில், கையைக் காலை ஆட்டி அவருக்கு விளக்கினேன். கோ ஹான் வெகுநேரம் தெரேசின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

6

அந்த வீட்டின் பத்திரத்தைப் பார்த்தாலே தனக்கு உடம்பு நடுங்குகிறது, தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கோ ஹான் கேட்டார். நியாயம்தான். ஆனால் யார் பெயரில் மாற்றுவது? நொத்தேர் தெரேசைப் பார்த்தார். இந்த மண்ணில் பிறந்தவள், வயது வந்ததும் வியட்நாம் பிரஜையாகிவிட்டால் அவள் பேரிலேயே எழுதலாம் என்றார். அதுவரை பொறுத்துக்கொள்ள கோ ஹான் சம்மதித்தார். பொறுத்தும் கொண்டார். கிட்டத்தட்ட ஆறு வருஷம்.

பிரஜை, குடியுரிமை என்பதெல்லாம் எனக்கு முன்பே பழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை முறைப்படி ஒப்படைத்த வருஷம், எந்த நாடு வேண்டும் என்று நம் ஜனங்களைக் கேட்டார்கள் அல்லவா? சுவர் வைத்துப் பிரித்த எங்கள் வீட்டில் என் பெரிய அண்ணன் பிரான்ஸ் என்றார், சின்ன அண்ணன் இந்தியா என்றார். அதற்கப்புறம் இருவரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். சண்டை போட்டால் மட்டும், உன் நாட்டுக்குப் போ என்று சொல்லிக்கொண்டார்களாம். அதை நினைத்து, காகிதத்தில் என்ன எழுதினாலும் பிள்ளை நம் பிள்ளைதானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

போன வருஷம் அதிகாரியின் முன்னால் தெரேஸ் நின்றாள். இங்கத்துப் பெண்கள் போடும் நீள அங்கி, ஆவ் சாய், நீல நிறத்தில் உடுத்தியிருந்தாள். பிரெஞ்சு பிரஜை என்ற உரிமையை விட்டுவிடுகிறேன் என்று படித்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் பெயரில் இருக்கும் எந்தக் காகிதமும் இனி அவளுக்குச் செல்லாது என்று எழுத்தர் சாதாரணமாகச் சொன்னார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், வெறும் பப்பியே தானே அமலி, என்று என் கையை அழுத்தினார். காகிதத்தை எங்கள் பக்கத்தில் பிரெஞ்சிலேதான் சொல்வோம்.

அமெரிக்கப் பட்டாளம் போய்விட்டது, சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்று எல்லோரும் நம்ப ஆசைப்பட்ட காலம் அது. நாங்களும் ஆசைப்பட்டோம். பத்திரத்தைத் தெரேஸ் பேருக்கு மாற்றி, வீட்டுக்குப் புது வண்ணம் அடித்தோம்.

7

இந்த மார்ச்சில் வடக்கிலிருந்து கம்யூனிஸ்டுப் படை இறங்கியதும் எல்லாம் சரிந்தது. ரேடியோவில் ஒவ்வொரு நாளும் ஓர் ஊரின் பெயர் குறைந்தது. சந்துக்குள் அகதிகள் பாய் விரித்தார்கள். தூரத்தில் பீரங்கி சத்தம் கேட்டால் தட்டில் இருக்கும் பருக்கை நடுங்கும். இந்தச் சத்தம் உங்களை நடுங்க வைக்கவில்லையா என்று கோ ஹானைக் கேட்டேன். வருகிறவர்களில் என் தம்பி இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்றார்.

எங்கள் கொன்சுலாவில், அதாவது பிரெஞ்சுத் தூதரகத்தில், பெயர் கொடுத்தவர்களுக்கு விமானத்தில் இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வரிசை வாசலைத் தாண்டி மரத்தடிவரை நின்றது. உள்ளே எழுத்தர் புதுச்சேரிக்காரர், வயதானவர். எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினார். எங்கள் இருவருக்கும் ஜோசேப்புக்கும் இடம் உண்டு என்றார். தெரேசைப் பற்றிக் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ள இந்த நாட்டு ஆளும்மா. நான் எழுத முடியாது. நம்ம பையன் யாராச்சும் பிரெஞ்சு காகிதத்தோட இருந்தா, பேருக்கு ஒரு கல்யாணம் பதிஞ்சிருங்க. நாள் இல்ல, சீக்கிரம் செய்ங்க."

வீட்டுக்கு வந்து இதைத் தெரேசிடம் சொன்னோம். அவள் கோபப்படவில்லை. துணிக்கடைக்காரர் மகன் ஒருவனைக்கூட யோசித்துச் சொன்னேன். நல்ல பையன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் நிறுத்திவிட்டேன். வார்டில் ஒரு வரிசைப் படுக்கைக்கு அவள் ஒருத்திதான் மருந்து கொடுக்கிறாளாம். பொய்யாக ஒருவனைக் கட்டிக்கொண்டு அவர்களை விட்டு ஓட முடியாது, நீங்கள் மூவரும் போங்கள், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவளுக்காக வாங்கிய வீடு. அதற்காகத்தான் அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். இப்போது அந்த வீட்டுக்குள் அவளைத் தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போ என்றால் எந்தத் தாய் போவாள்?

நான் இருக்கிறேன், நீங்கள் ஜோசேப்பைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தான் இருப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் இதே பேச்சு. அவருக்கு மூச்சிரைப்பு. அதற்கான ஊசி மருந்து சைகோனில் கிடைப்பது நின்றுவிட்டது. ஜோசேப்புக்குப் பன்னிரண்டு வயது, பிரான்சில் பள்ளிக்கூடம் சேர்க்க, வேலை தேட, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதாது. அதையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதுதான் சம்மதம்.

நான் மட்டும் கொன்சுலாவுக்குப் போய் என் பெயரை அடிக்கச் சொன்னேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவ அடிச்சா மறுபடி எழுத மாட்டாங்கம்மா."

"தெரியும். அடிங்க."

"காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன போடட்டும்?"

பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது. "வீடு இருக்கு" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், சொத்து ஆசை பிடித்த ஒரு பொம்பளையைப் பார்ப்பது போல. பிறகு அப்படியே எழுதினார். காரைக்காலிலும் அப்படித்தான் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் காலை அவர்கள் போனார்கள். சந்துக்குள் வண்டி வராது என்பதால் தெருமுனைவரை நடந்தோம். ஜோசேப் என் கையை விடவில்லை. அப்பாவுக்கு மாத்திரை எப்போது கொடுக்க வேண்டும் என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன், நாலாவது தரம் சொல்லும்போது அவன், தெரியும்மா, என்று கத்திவிட்டு அழுதான். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டி, "மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்ல, ஆள் வச்சுப் போடு," என்றார்.

தெரேஸ் வார்டில் இருந்ததால் வழியனுப்ப வரவில்லை. நானும் அவர்களோடு போய்விட்டேன் என்றே நினைத்திருந்தாள். நான் என் முடிவை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் சண்டை போட்டுத் துரத்தியிருப்பாள். மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், அடுப்படியில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஏன் போகவில்லை என்று வியட்நாம் பாஷையில் கேட்டாள். பிரெஞ்சில் கத்தினாள். உனக்குப் பைத்தியமா, உன்னை யார் இருக்கச் சொன்னது, இனி உன்னையும் நான் காப்பாற்ற வேண்டுமா என்றெல்லாம் கத்தினாள். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. அவள் சட்டைக் கையில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது.

நான் சோற்றைப் போட்டுத் தட்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஆற்றங்கரைப் பக்கமிருந்து பீரங்கி சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவளிடமிருந்து நான் கேட்காத தெளிவான தமிழில் சொன்னாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டி," என்றேன்.